கோரம் வளைவில் ஸ்டியரிங் லேசானபோது

போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் ஸ்னெட்டர்ட்டன் கார்ப் பந்தயத் தளத்துக்குப் போயிருந்தேன். தள நாள், அதாவது சொந்தக் காரைக் கொண்டுபோய்த் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். நாரிச்சிலிருந்து ஏ11 சாலையில் அரை மணி நேரம். ஏழரைக்கெல்லாம் போய் இடம் பிடித்து, பின் மூடியைத் திறந்து ஆயில் பார்த்து, நான்கு டயரிலும் காற்றை அளந்து சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். மார்ச் மாத நார்ஃபோக். புல்லில் வெண்பனி, தளத்தில் ஈரம் காயவில்லை. ஃபிளாஸ்க் காபியை மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். லோட்டஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் எக்ஸீஜ், 2005ஆம் வருடத்தது. மஞ்சள் நிறம். என்னிடம் வந்து ஏழு வருடம் ஆகிறது.

இந்தக் காரைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். குதிரைத்திறன் இத்தனை, நூறைத் தொட இத்தனை நொடி என்று எண்களை அடுக்கினால் இது பிடிபடாது. இதைவிட வேகமான கார்கள் இன்று ஏராளம். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் கோரம் வளைவில் ஒன்று நடந்தது. அதைச் சொன்னால் இந்தக் காரையே சொன்ன மாதிரி என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் காரையும் அது பிறந்த ஊரையும் பற்றிக் கொஞ்சம். எக்ஸீஜ், எலீஸ் காரின் உடன்பிறப்பு. எலீஸுக்குத் திறந்த கூரை. எக்ஸீஜுக்கு மூடிய கூரை, பின்னால் இறக்கை, பந்தயத் தளத்தை மனதில் வைத்து இறுக்கிய சஸ்பென்ஷன். எலீஸை 1995இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1996இல் விற்கத் தொடங்கினார்கள். அப்போது லோட்டஸின் தலைவர் ரொமானோ ஆர்ட்டியோலி என்ற இத்தாலியர். அவருடைய பேத்தி எலீசாவின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். அதே 1996இல் நிறுவனம் மலேசியாவின் புரோட்டானிடம் போனது. முதலாளிகள் மாறினாலும் தொழிற்சாலை இடம் மாறவில்லை. நாரிச்சுக்குத் தென்மேற்கே ஹெதல் என்ற சின்ன ஊர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம் அது. 1966இல் லோட்டஸ் அங்கே வந்தபோது பழைய ஓடுபாதையும் அதைச் சுற்றிய பாதையும் சோதனைத் தளமாகிவிட்டன. ஸ்னெட்டர்ட்டனும் அப்படித்தான், அதுவும் போர்க்கால விமானத்தளம். நார்ஃபோக் முழுக்கத் தட்டை நிலம். மேடு, மலை என்று மறைக்க எதுவும் கிடையாது. காற்று வடகடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அறையும்.

லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். எஞ்சினில் சக்தியைக் கூட்டுவதைவிட உடம்பில் எடையைக் குறைப்பதில்தான் அவர் புத்தி போனது. 1962இல் வந்த லோட்டஸ் 25 பந்தயக் காரில், குழாய்களை இணைத்துச் சட்டம் கட்டாமல், மெல்லிய அலுமினியத் தகட்டுப் பெட்டியையே சட்டமாக்கினார். அவர் 1982இல் இறந்துவிட்டார், எலீஸைப் பார்க்கவில்லை. ஆனால் என் கார் கதவைத் திறந்தால் அந்த யோசனை அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

அதைக் கண்டுபிடித்தவர் என் அப்பா.

அப்பா கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. இரண்டு வருடம் முன்பு கோடையில் இங்கே வந்தபோது காரைக் காட்டினேன். கார் சின்னதாக இருக்கிறதே, தரையோடு படுத்திருக்கிறதே என்று எல்லோரும் சொல்வதை அவர் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் குனிந்து, உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் ஓடும் அந்த உயரமான அலுமினியப் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டைவிரலால் இணைப்பு ஓரமாகத் தடவிக்கொண்டே போனார்.

"ஏங்கண்ணு, இதுல வெல்டிங்கையே காணமே?"

"வெல்டிங் இல்லீங்கப்பா. பசை போட்டு ஒட்டியிருக்காங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு அலுமினியத் துண்டுகள் சேருமிடத்தில் பசை லேசாகப் பிதுங்கி, உலர்ந்து, சன்னமான வரப்பு மாதிரி நிற்கும். அதில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் அவரே சொன்னார்: "சரிதான். அலுமினியத்துல வெல்டிங் வெச்சா சூடு பட்ட எடமெல்லாம் மெதுவாப் போயிரும். அதுக்கோசரம் கனத்தக் கூட்டோணும். ஒட்டுனா அந்தத் தொல்லை இல்ல. அடுப்புல வெச்சு வேக வெப்பாங்களா?"

"ஆமாங்கப்பா."

நான் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கட்டைவிரலிலேயே படித்துவிட்டார். விஷயம் அதேதான். எலீஸ் குடும்பத்துக் கார்களின் சட்டம், அச்சில் பிதுக்கி எடுத்த நீள அலுமினியத் துண்டுகளால் ஆனது. முறுக்குப் பிழிகிற மாதிரி, வேண்டிய குறுக்குவெட்டு வடிவம் உள்ள அச்சு வழியே சூடான அலுமினியத்தைத் தள்ளுவார்கள். அந்தத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டி அடுப்பில் இறுக வைக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் வலு குறைவதும் கோணுவதும் இல்லாததால், சுவர்க் கனத்தைச் சில இடங்களில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இறக்க முடிந்தது. முதல் எலீஸின் சட்டம் வெறும் 68 கிலோ. ஒரு ஆளின் எடை.

அப்பா அடுத்துக் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "பசை இழுவைக்குத் தாங்கும். உரிச்சா வந்துருமே?"

சுவரில் ஒட்டிய போஸ்டரை அப்படியே கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், அசையாது. ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தால் சரசரவென்று வந்துவிடும். மோதலில் சட்டம் நசுங்கும்போது இணைப்புகள் அப்படி மூலையிலிருந்து உரியக்கூடாது என்பதற்காக அங்கங்கே திருகும் போட்டிருக்கிறார்கள். அந்தத் திருகுத் தலைகளைக் காட்டினேன். "அப்படிச் சொல்லு" என்று தலையாட்டிவிட்டு, பெடலைப் பார்க்கக் குனிந்தார். பெடலும் அச்சில் பிதுக்கிய அலுமினியமே. அதை வெட்டி, துளை போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நேரம் பெடலைப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்தச் சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடம்பு. முன்பாதி ஒரே துண்டு, பின்பாதி ஒரே துண்டு. ஓரத்தில் சின்னதாக இடித்துவிட்டாலும் செலவு பெரிசு, அது ஒரு குறை. மொத்தக் கார் 875 கிலோ. நம் ஊர் ஸ்விஃப்ட்டும் கிட்டத்தட்ட இதே எடைதான். இதில் 189 குதிரைத்திறன். ஆனால் எடை குறைவென்றால் நேர்க்கோட்டில் வேகம் என்று மட்டும் நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். எடை குறைந்ததால் இந்தக் காரில் எதெல்லாம் தேவையில்லாமல் போனது என்று பார்க்க வேண்டும். முன் டயர் வெறும் 195 மில்லிமீட்டர் அகலம் போதும். பிரேக் பெரிசாக வேண்டாம். ஸ்பிரிங் கல்லாக வேண்டாம். மேடுபள்ளத்தில் இந்தக் கார் மிதந்து போவதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பவர் ஸ்டியரிங் வேண்டாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எஞ்சின், இருக்கைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிறது. எடையில் நூற்றுக்கு 38 பங்கு முன் சக்கரத்தில், 62 பங்கு பின் சக்கரத்தில். கனமான பொருளெல்லாம் காரின் நடுப்பக்கம் குவிந்திருப்பதால் திரும்புவது சுலபம். காவடியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குடம் தண்ணீரைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். அதே இரண்டு குடத்தையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். எக்ஸீஜ் இரண்டாவது ரகம். நினைத்த மாத்திரத்தில் மூக்கைத் திருப்பும்.

ஆனால் எவ்வளவு சுலபமாகத் திரும்புமோ அவ்வளவு சுலபமாகச் சுழலவும் செய்யும். இதை நான் 2018இல் கற்றேன். இதே ஸ்னெட்டர்ட்டன், இதே மாதிரிக் குளிர்காலை. ஸ்டார்ட் கோட்டைத் தாண்டியதும் வருகிற ரிச்சஸ் என்ற வேகமான வலது வளைவில், கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நுழைந்துவிட்டதாகப் பட்டது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்த அந்த நொடியில் பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்ந்தது, பின் டயர் தரைமேல் லேசானது, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் வானம், புல், தடுப்புச் சுவர், மறுபடி புல். ஒன்றரைச் சுற்று சுற்றி, எதிலும் இடிக்காமல் புல்தரையில் நின்றேன். எஞ்சின் அணைந்திருந்தது. இதயம் அடித்துக்கொள்ளும் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

அன்று மதியம் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மூன்று சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேகத்தைக் குறைக்க வேண்டியதை வளைவுக்கு முன்பே குறைத்துவிடு. உள்ளே போன பிறகு பயம் வந்தால், காலை எடுப்பதற்குப் பதில் கண்ணை வெளியேறும் இடத்துக்குக் கொண்டுபோ." ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. இப்போதும் ரிச்சஸ் நெருங்கும்போது அந்தக் குரல் கேட்கும்.

தொழிற்சாலையும் இதை யோசித்துத்தான் முன் டயரை 195 என்றும் பின் டயரை 225 என்றும் வைத்தது. வேகம் மிஞ்சினால் முன்பக்கம்தான் முதலில் வழுக்க வேண்டும், கார் வளைவின் வெளிப்பக்கம் விலகிப் போகட்டும், சுழலக்கூடாது என்ற கணக்கு. நிதானமாக ஓட்டுகிறவரை அந்தக் கணக்கு காப்பாற்றும். வளைவு நடுவில் காலைத் தூக்குகிறவரைக் காப்பாற்றாது. டயரும் சாதாரண ரகம் கிடையாது. யோகோஹாமா ஏ048, சாலையிலும் ஓட்டலாம் என்ற அனுமதியோடு வருகிற பந்தய டயர். சூடேறினால் தளத்தைக் கவ்வும். குளிரில், ஈரத்தில் மரக்கட்டை. அதனால் காலையில் முதல் மூன்று சுற்றை நான் ஓட்டுவதே டயருக்குச் சூடேற்றத்தான்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மைத்துனன் கோபித்துக்கொள்வான், அவனுக்கு இதில் பிடித்ததே அதுதான். டொயோட்டாவின் 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர், 2இசட்இசட்-ஜிஇ என்று பெயர். யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது. செலிகாவில் இருந்த அதே எஞ்சின். லோட்டஸ் தன்னுடைய கணினி மூளையை வைத்து இதில் பொருத்தியது. இதன் கேம் ஷாஃப்டில் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் இரண்டு விதக் கேம், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் புடைப்பு, இருக்கிறது. ஒன்று சாதுவானது, தினசரி ஓட்டத்துக்கு. இன்னொன்று வால்வை உயரமாகவும் நீண்ட நேரமும் திறந்து வைப்பது. நிமிடத்துக்குச் சுமார் 6200 சுழற்சியில், ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி ராக்கர் கையைப் பூட்டும். அந்தக் கணத்திலிருந்து வால்வு உயரக் கேமின் பேச்சைக் கேட்கத் தொடங்கும்.

காதில் கேட்பது இதுதான்: அதுவரை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த குரல் ஒரே தாவலில் மேல் ஸ்தாயிக்குப் போகும். முதுகுக்குப் பின்னால் ஒருவர் கதவைத் திறந்துவிட்ட மாதிரி காற்று உறிஞ்சும் சத்தம். 8000 வரை அந்தக் குரல் இறங்காது. வளைவைவிட்டு வெளியேறும்போது முள்ளை 6200க்கு மேலேயே வைத்திருப்பதுதான் இந்த எஞ்சினின் கலை. மூன்றாவது கியரில் 8000 வரை இழுத்து நான்காவது போட்டால் முள் 6300 பக்கம் இறங்கி நிற்கும், கேம் கைவிடாது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கொஞ்சம் கூடுதலாகவே சுற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். கீழ்ச் சுழற்சியில் பலம் குறைவு என்று சிலர் இந்த எஞ்சினைக் குறை சொல்வார்கள். சாலைக்கு அது உண்மை. தளத்தில் எனக்கு அது குறையாகப் பட்டதில்லை. சரியான கியரில் இல்லாவிட்டால் உடனே காட்டிக்கொடுக்கும், அது நல்லதுதானே.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆயில். இந்த எஞ்சினுக்குக் கீழே இருப்பது சாதாரணச் சம்ப், சாலைக் காரின் ஆயில் தொட்டி. கவ்வும் டயரைப் போட்டு நீண்ட வளைவில் போனால் ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் எப்படி ஒரு ஓரத்தில் குவியுமோ அப்படி. உறிஞ்சும் குழாய்க்கு ஆயிலுக்குப் பதில் காற்று கிடைத்தால், எண்ணாயிரம் சுழற்சியில் பேரிங் சில நொடி தாங்கினாலே அதிகம். அதனால் காரை வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே உள்ளே தடுப்புத் தகடு வைத்த சம்ப்பை மாற்றிவிட்டேன். ஆயிலை மேல்கோட்டுக்குக் கீழே விடுவதே இல்லை. இந்தக் காரை வாங்கித் தளத்தில் ஓட்ட நினைக்கிறவர்கள் எக்ஸாஸ்ட், சக்கரம் என்று போவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பக்கத்து இடத்தில் ஒரு போர்ஷே 911 ஜிடி3 நின்றது, புதிய 992 வகை. அதில் ஆயில் பயமே கிடையாது, ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப்பால் அனுப்பும் டிரை சம்ப். நான்கு லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 9000 சுழற்சி, 510 குதிரைத்திறன். உரிமையாளர் மூடியைத் திறந்து காட்டினார், நான் என் காரைக் காட்டினேன். அருமையான வண்டி. அதைத் தட்டிவைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பின் நேர்பாதையான பென்ட்லி ஸ்ட்ரெய்ட்டின் முடிவில் நான் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தொடுகிறேன், நான்காவது கியர் 180 பக்கம் முடிந்து ஐந்தாவது விழுந்த சற்று நேரத்தில். அந்த வேகத்தில் நானும் காரும் சேர்ந்து சுமக்கிற இயக்க ஆற்றல் ஏறக்குறைய 13 லட்சம் ஜூல். 1418 கிலோ ஜிடி3 அதே வேகத்தில் வந்தால் 21 லட்சம் ஜூல். அது வருவதோ இதைவிட நல்ல வேகத்தில். அவ்வளவையும் பிரேக் சூடாக்கித்தான் தீர்க்க வேண்டும். அதனால் அந்தக் காருக்கு 408 மில்லிமீட்டர் விட்டத்தில் முன் டிஸ்க், பெரிய டயர், எல்லாம். எனக்கு ஒரு செட் பிரேக் பேடு ஆறேழு தள நாள் வருகிறது. இருபது நிமிட ஓட்டம் முடிந்து வந்தாலும் பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. ஆசிரியர் சம்பளமோ அலுவலகச் சம்பளமோ வாங்குகிற ஒருவர் தளத்தில் தொடர்ந்து ஓட்ட முடிகிறதென்றால் அதற்கு இந்த எடைதான் காரணம்.

சரி, ஸ்டியரிங்.

டயர் தரையைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவுதான். வளைவில் திரும்பும்போது அந்த உள்ளங்கை அளவு ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கம் முன் ஓரத்தில் குறைவாகத் தொடங்கிப் பின்பக்கம் போகப்போகக் கூடும். ஆகவே பக்கவாட்டு விசை நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அந்தக் கொஞ்சத் தூரம்தான் சக்கரத்தை நேராக்கப் பார்க்கும், கையில் பாரமாகத் தெரியும். இப்போது டயர் தன் எல்லையை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் முறுக்கிய பின் ஓரத்து ரப்பர்தான் முதலில் வழுக்கத் தொடங்கும். விசை விழும் புள்ளி மெல்ல நடுவை நோக்கி நகரும். கையில் பாரம் குறையும். கவனியுங்கள், டயரின் பிடி இன்னும் போகவில்லை, உச்சத்தில் இருக்கிறது. பாரம் மட்டும் முன்கூட்டியே இறங்குகிறது. பிடி போகப்போகிறது என்று டயர் தருகிற தந்தி அது.

எல்லாக் காரிலும் இந்தத் தந்தி வருகிறது. கனமான காரில், அகலமான முன் டயரில், அதைத் திருப்ப ஒரு மோட்டார் உதவ வேண்டியிருக்கிறது. அந்த மோட்டார் உதவும்போது தந்தியின் சின்ன எழுத்துகளையெல்லாம் அழித்துவிடுகிறது. எக்ஸீஜில் டயருக்கும் என் கைக்கும் நடுவே ரேக் என்ற பல் வைத்த கம்பியும் ஒரு தண்டும் மட்டுமே. முன் சக்கரத்தில் பாரம் குறைவு, டயர் குறுகல், மோட்டார் இல்லாமலே திருப்ப முடிகிறது. அப்பா கட்டைவிரலால் தடவிய அந்தப் பசை வரப்புக்கும் என் உள்ளங்கைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அங்கே ஒட்டியதால் இங்கே கேட்கிறது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. தளம் நன்றாகக் காய்ந்திருந்தது. பென்ட்லி ஸ்ட்ரெய்ட் முடிந்து, இடது வலது என்று இரண்டு வளைவு, ஒரு பள்ளம், அப்புறம் கோரம். தமிழில் படித்தால் அந்தப் பெயர் என்னவோபோல் இருக்கும். ஆனால் எனக்கு இந்தத் தளத்திலேயே பிடித்த இடம் அதுதான். முடிவே இல்லாதது போல் நீளும் வலது வளைவு. நான்காவது கியர், கால் அசையாது, கை அசையாது, கழுத்து மட்டும் இடதுபக்கம் இழுக்கும். முடிவில் மர்ரீஸ் என்ற இடது வளைவுக்குப் பிரேக் அடிக்கும்வரை, பல நொடிகளுக்கு, வேலை ஒன்றே: உள்ளங்கையில் அந்தப் பாரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பது. ஏழு வருடத்தில் அந்தப் பாரம் எனக்கு மனப்பாடம். எங்கே கூடும், தளத்தின் ஒட்டு வருகிற இடத்தில் எங்கே ஒரு துடிப்பு துடிக்கும் என்று தெரியும்.

எட்டாவது சுற்றோ ஒன்பதாவதோ. வளைவின் நடுவில் ஸ்டியரிங் லேசானது. அதே கோடு, அதே வேகம், முந்தின சுற்றில் எதுவும் இல்லை. யாரோ கையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு வெறுமை. கார் இம்மியும் விலகவில்லை. காலை எடுக்கவில்லை, ஒரு காகித அளவு தளர்த்தினேன், திருப்பியிருந்ததில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். கார் ஒரு மீட்டர் வெளிப்பக்கம் விலகிப் போயிருக்கும். புத்தகம் திரும்பக் கைக்கு வந்தது. மர்ரீஸுக்குப் பிரேக் அடித்தேன், போய்விட்டேன்.

அடுத்த சுற்றில் கோரத்துக்கு முன்னால், தளத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் மஞ்சளும் சிவப்பும் பட்டை போட்ட கொடியை நீட்டினார். தளம் வழுக்குகிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் போன ஒரு கார், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சிந்தியிருந்தது. எனக்குச் சற்றுப் பின்னால் வந்த ஒரு பெரிய கார் அதே இடத்தில் நேராகப் புல்லில் இறங்கியிருந்தது. நல்லவேளை, ஓட்டியவருக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார்கள் தளத்தைவிட்டு வந்து நிற்கும் பிட் லேனில் பார்த்தபோது அவர் சொன்னார், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போய்விட்டது என்று. அவர் நல்ல ஓட்டுநர். காலையிலிருந்து அவர் ஓட்டுவதைப் பார்த்திருந்தேன், என்னைவிட நேர்த்தியான கோடு. அவர் கைக்குத் தந்தி வரவில்லை, அவ்வளவுதான்.

ஈரம் துடைத்து, சுண்ணாம்புத் தூள் போல் ஒன்றைத் தூவி, தளத்தை மறுபடி திறக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியும் காருக்குள் உட்கார்ந்தே இருந்தேன். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அந்த லேசான கணம் எத்தனை நொடி இருந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அரை நொடிகூட இருக்காது. அதை எனக்குக் கேட்க வைக்கத்தான் ஹெதலில் யாரோ ஒருவர் ஒவ்வொரு கிராமாகக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

2021 டிசம்பரோடு எலீஸ், எக்ஸீஜ் இரண்டின் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது லோட்டஸில் மின்சார எஸ்யூவி வருகிறது. காலத்துக்கு ஏற்ற மாற்றம், அதில் எனக்கு வருத்தம் சொல்ல உரிமையில்லை. ஆனால் இந்த இரண்டு காரையும் வைத்திருப்பவர்கள் ஓட்டாமல் மூடி வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். விலை ஏறுகிறது என்று துணி போட்டு மூடிய எத்தனையோ எலீஸ்களை இந்த ஊரில் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. ஆயில் மாற்றி, நல்ல டயர் போட்டு, மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முன் டயரின் வெளி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இன்னும் இரண்டு தள நாளுக்கு வரும். அடுத்தது ஜூனில். ஆயில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. இரவு அப்பா போன் செய்தார். தள நாள் என்றால் அவருக்குத் தெரியும், அங்கே விடிகாலை ஆகிவிட்டாலும் கூப்பிட்டுவிடுவார்.

"எண்ணெ பாத்தியா கண்ணு?"

"பாத்தேனுங்கப்பா. அரை லிட்டர் கொறஞ்சுது, ஊத்திட்டேன்."

"அந்தப் பசை?"

கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தில் அந்த வரப்பை ஒருமுறை பார்த்தேன்.

"அப்படியே இருக்குதுங்கப்பா."